அத்தியாயம் 6: கேட்காமல் நீக்கும் அப்டேட்: கடைக் கணினியைக் காக்கும் வழி

யாருக்கு இந்த அத்தியாயம்

தாராவி 90 அடி ரோட்டில் ஜெராக்ஸும் டிடிபியும் ஒரே அறையில் நடத்துகிறவர்கள், எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போட்டுத் தரும் காலா எனும் சிறு பட்டறைக்காரர்கள், மாட்டுங்காவில் நாலைந்து கடைகளுக்குச் சேர்த்துக் கணக்கு எழுதுகிறவர்கள், செம்பூரில் வீட்டிலிருந்தபடியே ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவர்கள் ஆகியோருக்கு. தொழில் வேறு வேறாக இருந்தாலும் நிலைமை ஒன்றுதான். பிழைப்பு மொத்தமும் ஒரே கணினியில் இருக்கிறது. அது ஒரு நாள் படுத்துவிட்டால் மாற்றுக் கணினி கிடையாது. கூப்பிட்டவுடன் ஓடிவர ஐடி ஆளும் கிடையாது.

அப்படிப்பட்ட கணினியில் இரவோடு இரவாக ஒரு விண்டோஸ் அப்டேட் ஓடி முடிகிறது. காலையில் கடை திறந்தால் நேற்றுவரை ஓடிய மென்பொருளைக் காணோம். சில சமயம் ஐகான் இருக்கும், திறக்காது. சில சமயம் திறக்கும், ஃபாண்ட் மாறியிருக்கும். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு அப்டேட்டையும் சோதித்துப் பார்த்து அனுமதிக்கத் தனித் துறை உண்டு. ஒற்றைக் கணினி வைத்திருப்பவர் அந்த வேலையையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. மாதத்தில் ஒரு மணி நேரமும் விடாமல் கடைப்பிடிக்கும் பழக்கமும் போதும்.

மூன்று விதிகள். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். அது நடக்கும் நாளை நீங்கள் குறியுங்கள். எது நீங்கினாலும் திரும்பப் போடத் தேவையானதைக் கணினிக்கு வெளியே வைத்திருங்கள்.

முதல் விதியைப் பலர் ஏற்பதில்லை. 'அப்டேட்டே வேண்டாம், அணைத்துவிடு' என்று சர்வீஸ் ஆளிடம் சொல்லிவிடுகிறார்கள். 2017 மே மாதம் உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற இன்னொரு தீநிரல் வந்தது. அது பரவிய வழிகளுள் ஒன்றும் அதே ஓட்டைதான். நம் மும்பைக்குப் பக்கத்தில், ஜேஎன்பிடி துறைமுகத்தில் ஏபிஎம் நிறுவனம் நடத்தும் கன்டெய்னர் முனையத்தின் வேலை அன்று நின்றுபோனது. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இணையத்தில் இருப்பது, மென்பொருள் ஒன்று நீங்குவதைவிடப் பெரிய ஆபத்து.

இந்த அத்தியாயத்தை இப்போதே படிக்க வேண்டியதற்கும் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதன்பின் விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும், இல்லையென்றால் கணினியையே மாற்ற வேண்டும். மென்பொருள்கள் அதிகம் காணாமல் போவது இப்படித் தாவும்போதுதான்.

மென்பொருள் எந்தெந்த வழிகளில் நீங்குகிறது

எந்த வழியில் போனது என்று தெரிந்தால்தான் எந்த வழியில் திரும்பப் பெறலாம் என்று தெரியும்.

*1. பதிப்பு மாறும்போது விடுபடுவது.* மாதா மாதம் வரும் சிறிய அப்டேட் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதிப்பு மாற்றம் வேறு. பெரிய பதிப்பு மாற்றத்தில் விண்டோஸ் தன் பழைய உடலை 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றை நிறுவி, உங்கள் மென்பொருள்களையும் கோப்புகளையும் அதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது குடியிருப்பவர்களை வெளியே தங்க வைத்துப் பிறகு புது வீட்டுக்குக் கொண்டுவருகிறார்களே, அந்த மாதிரி. புது வீட்டு அளவுக்குப் பொருந்தாத அலமாரி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

2015 நவம்பரில் விண்டோஸ் 10-ன் முதல் பெரிய பதிப்பு மாற்றம் வந்தபோது, சிபியு-ஸி, ஸ்பெசி போன்ற பயன்பாடுகள் தங்களைக் கேட்காமலேயே நீக்கப்பட்டதாகப் பல நாடுகளிலிருந்து பயனர்கள் புகார் செய்தார்கள். 2018 அக்டோபர் 2-ல் வெளியான பதிப்பு இன்னும் மோசமானது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பி வைத்திருந்த சிலரின் கோப்புகளையே அது அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நான்கு நாளில் அதை நிறுத்திவைத்தது. திருத்திய பதிப்பு நவம்பர் 13-ல்தான் வந்தது. பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு மட்டுமே என்று நிறுவனம் சொன்னது. கோடிக்கணக்கான கணினிகளை மேலிருந்து பார்ப்பவருக்கு அது சின்ன எண். ஒரே கணினி வைத்திருப்பவருக்குப் போனால் முழுதும் போனது.

*2. நிறுவனமே கைவிட்டது.* ஃபிளாஷ் பிளேயரின் ஆயுள் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. விண்டோஸிலிருந்து அதைக் கழற்றும் அப்டேட்டைப் போட்டபின் அந்த அப்டேட்டை மட்டும் திரும்ப நீக்க முடியாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை 2023 பிப்ரவரி 14-ல் எட்ஜ் உலாவியின் ஓர் அப்டேட் செயலிழக்கச் செய்தது. வேர்ட்பேட், விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்போடு போய்விட்டது. கைத்தவறுதலும் நடக்கும். 2025 மார்ச் மாத அப்டேட் சில கணினிகளில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கோபைலட் செயலியையே நீக்கிவிட்டது.

*3. டிஃபெண்டர் பிடித்துக்கொள்வது.* விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரில், 'வேண்டாத செயலி' என்று கருதுவதைத் தடுக்கும் வசதி 2021 ஆகஸ்ட் முதல் இயல்பாகவே இயங்குகிறது. சில இலவச மென்பொருள்களும், சிறிய நிறுவனங்கள் எழுதிய பில்லிங் மென்பொருள்களும் தவறாக மாட்டுவது உண்டு.

*4. டிரைவர் தடைபடுவது.* விண்டோஸ் 11-ன் 2022 பதிப்பிலிருந்து, ஓட்டையுள்ள பழைய டிரைவர்களின் தடைப்பட்டியல் எல்லாக் கணினிகளிலும் இயல்பாகவே இயங்குகிறது. மென்பொருள் அப்படியே இருக்கும். அதன் டாங்கிளை, அதாவது அதைத் திறக்கும் யுஎஸ்பி சாவியை, அடையாளம் காணும் டிரைவர் மட்டும் ஓடாது. பார்ப்பவருக்கு மென்பொருள் கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

*5. பழைய தலைமுறை.* விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு மென்பொருள் போன்ற 16 பிட் மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாது. இது ஆப்பிளிலும் உண்டு. 2019 அக்டோபரில் வந்த மேக் கேடலினா, 32 பிட் மென்பொருள் அத்தனையையும் ஒரே நாளில் பயனற்றதாக்கியது.

*6. ஆள் கையால் நீங்குவது.* அப்டேட்டில் ஏதோ கோளாறு என்று ரிப்பேருக்குக் கொடுத்ததும் 'ரீசெட்' போட்டுவிடுகிறார்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தாலும் காப்பாற்றப்படுவது கோப்புகள் மட்டுமே. நீங்கள் நிறுவிய மென்பொருள் எல்லாம் போய்விடும்.

ஃபாண்ட்: தமிழ், மராத்தி வேலை செய்வோர் முதலில் பார்க்க வேண்டியது

விண்டோஸ் 7-லும் 8-லும் தமிழுக்கு லதா, விஜயா ஃபாண்ட்கள் கூடவே வந்தன. விண்டோஸ் 10-லிருந்து இவை இரண்டும் அடிப்படைத் தொகுப்பில் இல்லை. 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்ற விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. இயல்பாக இருப்பது நிர்மலா ஃபாண்ட் மட்டுமே. இந்தி, மராத்தி வேலைகளில் ஆண்டுக்கணக்காகப் புழங்கிய மங்கள் ஃபாண்ட்டும், அதோடு அபராஜிதா, கோகிலா, உத்சாஹ் ஆகியவையும் 'தேவநாகரி சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்ற தொகுப்பில் இருக்கின்றன. குஜராத்தி ஷ்ருதி அதன் தொகுப்பில்.

கணினியில் அந்தந்த மொழியைச் சேர்த்து வைத்திருந்தால் தொகுப்பும் கூடவே வரும். ஆனால் மும்பையில் பெரும்பாலான கடைக் கணினிகள் ஆங்கில விண்டோஸில் ஓடுகின்றன. தமிழை ஒரு தட்டச்சு மென்பொருளால் அடித்துக்கொள்கிறோம், மொழியாகச் சேர்ப்பதில்லை. அதனால் மேம்படுத்தியபின் லதாவில் அமைத்த கல்யாணப் பத்திரிகை நிர்மலாவில் திறக்கிறது. வரிகள் மடங்கும் இடம் மாறி, ஒரு பக்கத்தில் அடங்கியது இரண்டாம் பக்கத்துக்கு ஓடுகிறது. கடைக்காரர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து முழுதும் மறுபடி அடிக்கிறார். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய், தமிழ், தேவநாகரி, குஜராத்தி சப்ளிமென்டல் ஃபாண்ட்களைத் தேடிச் சேர்த்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும். இதற்குக் காசு கிடையாது. இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

ஸ்ரீலிபி போன்ற டிடிபி தொகுப்புகளின் சங்கதி வேறு. புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் வெளியிட்ட ஸ்ரீலிபியை மகாராஷ்டிராவின் அச்சுத் தொழிலில் எங்கும் பார்க்கலாம். அதன் ஃபாண்ட்களில் பல யூனிகோடுக்கு முந்திய சொந்தக் குறியீட்டு முறை கொண்டவை. தொகுப்பு நீங்கினால் அவற்றில் அடித்த பழைய வேலைகள் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 2001-ல் தன் கடைசிப் பதிப்பான 7.0-ஐக் கண்ட பேஜ்மேக்கரில் இன்னும் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல். மூன்று பழக்கங்கள் உதவும். முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் ஃபாண்ட் பதிந்த பிடிஎஃப் நகல் ஒன்று எடுங்கள். அடிக்கடி திரும்பி வரும் வேலைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைத்தது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் நிறுவல் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஃபாண்ட் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள்.

தட்டச்சு மென்பொருளிலும் கவனம் வேண்டும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவை தனிமனிதர்களும் சிறு குழுக்களும் தமிழுக்காக உழைத்துக் கொடுத்தவை. ஒவ்வொரு விண்டோஸ் பதிப்புக்கும் உடனுக்குடன் ஈடுகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இப்போதைய விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அதை இன்றே சேர்த்துவையுங்கள். உங்கள் வழக்கமான மென்பொருள் ஒரு காலை ஓடாமல் போனாலும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

டாங்கிள், டோக்கன், டாலி

எம்பிராய்டரி டிசைன் மென்பொருள்கள் பலவும் யுஎஸ்பி டாங்கிளால் பூட்டப்பட்டவை. அப்டேட்டுக்குப் பிறகு 'டாங்கிள் கிடைக்கவில்லை' என்று செய்தி வந்தால் டாங்கிள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டாங்கிள் தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரை நிறுவிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். டிஃபெண்டரில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற அமைப்பு ஒத்துவராத டிரைவர்களின் பெயரைப் பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பெயரோடு மென்பொருள் விற்றவரை அழையுங்கள். அந்தப் பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்துவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், புதிய டிரைவரைக் கேட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கணக்காளர்கள் ஒன்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். கையெழுத்துச் சாவி இருப்பது டோக்கனுக்குள், கணினியில் இல்லை. டிரைவர் போனால் கையெழுத்து போவதில்லை. ஆனால் பதற்றத்தில் டோக்கனை 'இனிஷியலைஸ்' செய்துவிட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பிறகு புதிய சான்றிதழ்தான் வாங்க வேண்டும். எனவே டிரைவரை மறுபடி நிறுவுங்கள், டோக்கனைத் தொடாதீர்கள்.

டாலிபிரைமில் ஆல்ட், ஒய் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப் எடுத்து பென்டிரைவில் வையுங்கள். கணினியையே மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய கணினியில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு, அதன்பின் புதியதில் இயக்குங்கள்.

கிராக் போட்டு ஓட்டும் மென்பொருளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதை டிஃபெண்டர் நீக்கினால் புகார் செய்ய இடமில்லை. அதற்காக டிஃபெண்டரை அணைத்துவைத்தால் கணினியே திறந்த வீடாகிவிடும். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவற்றைப் பழகுவது நல்லது. எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸ், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப். எம்பிராய்டரிக்கும் இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து ஓடும் இங்க்-ஸ்டிச் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மெஷின்கள் படிக்கும் டிஎஸ்டி கோப்பை அது எழுதித் தரும்.

கணினிக்கு வெளியே வைக்க வேண்டியவை

ஒரு பென்டிரைவும் ஒரு நோட்டும் போதும். கடையில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் ஊரில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

1. நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியல். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஃபோனில் படமெடுத்தால் போதும்.
2. ஒவ்வொரு மென்பொருளின் நிறுவல் கோப்பு. 'வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம்' என்று இருக்காதீர்கள். கூகுள் தன் விண்டோஸ் தட்டச்சுக் கருவியை வழங்குவதை நிறுத்தியபோது, நிறுவல் கோப்பைக் கைவசம் வைத்திருந்தவர்களே மறுபடி போட முடிந்தது.
3. லைசென்ஸ் எண்கள், வாங்கிய பில், பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரி.
4. பிரிண்டர், டாங்கிள், டோக்கன் டிரைவர்கள்.
5. ஃபாண்ட் ஃபோல்டரின் நகல்.
6. டாலி பேக்கப், நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் நகல். இதை மட்டும் வாரம் ஒருமுறை புதிதாக எடுங்கள்.

நாள் குறிப்பது

மைக்ரோசாஃப்ட்டின் மாத அப்டேட் அமெரிக்க நேரப்படி இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவு. புதன்கிழமை கடை திறக்கும்போது கணினி அதை இறக்கிக்கொண்டிருக்கும். அந்தப் புதன்கிழமை 9-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் இடையில் விழும். ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி 20. கணக்காளருக்கு மாதத்தின் மிக நெருக்கடியான நாட்களும் அப்டேட் வரும் நாட்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. 3பி தாமதமானால் ஒரு நாளுக்கு 50 ரூபாய் அபராதம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கணினி அப்டேட் ஆனது என்ற காரணத்துக்காக யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதில் இரண்டு வாரம் என்று தேர்ந்தெடுங்கள். 21-ஆம் தேதிவரை எதுவும் வராது. காலாண்டுத் தாக்கல் முறையில் இருப்பவர்களுக்கு மகாராஷ்டிராவில் 3பி கடைசித் தேதி 22 என்பதால் அந்த மாதம் மூன்று வாரம் என்று வையுங்கள். விண்டோஸ் 11-ல் ஐந்து வாரம்வரை நிறுத்திவைக்கலாம். ஹோம் பதிப்பிலும் இந்த வசதி உண்டு. தாக்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துவிட்டு, யுபிஎஸ் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்களே பாஸை எடுத்துவிட்டு அப்டேட்டைப் போடுங்கள்.

இந்தத் தாமதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 2018 அக்டோபரின் கோப்பு அழிக்கும் பதிப்பு நான்கு நாளில் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரம் காத்திருக்கும் பழக்கம் உள்ளவரை அது தொட்டிருக்காது. அவசர ஓட்டை ஒன்றை அடைக்கச் சொல்லி அரசு அமைப்பான சர்ட்-இன் அல்லது செய்தித்தாள்கள் எச்சரித்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றிரவே போட்டுவிடுங்கள்.

புரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. குரூப் பாலிசியில் பதிப்பு மாற்றத்தை 365 நாள்வரை தள்ளிப்போடலாம். எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் குறிக்கலாம். அப்டேட்டோடு டிரைவர்கள் வரக் கூடாது என்றும் வைக்கலாம். தொழிலுக்கு வாங்கும் அடுத்த கணினியில், லேமிங்டன் ரோட்டில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், புரோ லைசென்ஸ் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூடுதல் விலைக்கு ஈடான பலன் இந்த மூன்று அமைப்புகளிலேயே இருக்கிறது.

போய்விட்டது தெரிந்ததும்: இந்த வரிசையில்

1. பிழைச்செய்தியை ஃபோனில் படமெடுங்கள். செட்டிங்ஸில் 'அப்டேட் ஹிஸ்டரி' பக்கத்தையும் எடுங்கள். எந்த அப்டேட், எந்தத் தேதி என்பது அதில் இருக்கும்.
2. காணாமல் போனது கோப்புகள் என்றால் உடனே வேலையை நிறுத்துங்கள். புதிதாக எதையும் சேமித்தால், அழிந்தவை இருந்த இடத்தின் மேலேயே எழுதப்பட்டு, மீட்கும் வாய்ப்பு குறையும்.
3. மென்பொருள் என்றால் முதலில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைப் பாருங்கள். பெயர் இருந்தால் போனது ஐகான் மட்டுமே.
4. டிஃபெண்டரில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். பிடிபட்டது உங்கள் நம்பகமான மென்பொருள்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் 'ரெஸ்டோர்' கொடுங்கள்.
5. ஃபாண்ட் என்றால் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்'.
6. பென்டிரைவில் உள்ள நிறுவல் கோப்பிலிருந்து மறுபடி நிறுவுங்கள்.
7. மாத அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால், 'அப்டேட் ஹிஸ்டரி'யில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வழியாக அதை நீக்கிவிட்டு, இரண்டு வாரம் பாஸ் வையுங்கள்.
8. பதிப்பே மாறியிருந்தால் 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' இருக்கும். பழைய பதிப்பு, பழைய மென்பொருள்களோடு திரும்பும். மாறிய நாளிலிருந்து பத்து நாள்வரை மட்டுமே இது கிடைக்கும். அதன்பின் பழைய விண்டோஸ் தானாக அழிக்கப்பட்டுவிடும். ஆகவே பதிப்பு மாறிய முதல் வாரத்துக்குள் உங்கள் மென்பொருள் ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து, ஒரு பிரிண்ட் எடுத்து, டோக்கனால் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை அந்த நாட்களில் அழித்துவிடாதீர்கள்.

ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், கணினியைக் கையில் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "தம்பி, ரீசெட் போடாதே, ஃபார்மேட்டும் போடாதே. பதிப்பு மாறி ஆறு நாள்தான் ஆகுது, கோ பேக் இருக்கான்னு முதல்ல பாரு. வேற எது செய்யறதா இருந்தாலும் எனக்கு ஃபோன் பண்ணிட்டு செய்." இதையே ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஃபோனில்

ஆண்ட்ராய்டில், இடம் குறையும்போது பயன்படுத்தாத செயலிகளைத் தானாகவே ஆர்க்கைவ் செய்யும் வசதி பிளே ஸ்டோரில் இருக்கிறது. ஐஃபோனில் அதே வேலையைச் செய்வது 'ஆஃப்லோட் அன்யூஸ்டு ஆப்ஸ்'. இரண்டிலும் தரவு தங்கிவிடும், செயலி போய்விடும். அந்தச் செயலி அதற்குள் ஸ்டோரிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால் திரும்ப இறக்க முடியாது. அபூர்வமாகத் திறக்கும் முக்கியச் செயலிகள் உங்களிடம் இருந்தால் இந்த அமைப்பை அணைத்துவையுங்கள்.

உங்கள் உரிமை

விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தை ஏற்கும்போதே, தனியாக அறிவிக்காமல் வரும் தானியங்கி அப்டேட்டுகளையும் நீங்கள் ஏற்றதாகிவிடுகிறது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியில் உள்ளதை அழிப்பதற்கு இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறுவனங்களோ அந்த ஒப்பந்தத்தையே அனுமதியாகக் காட்டும். சட்டப் போராட்டத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் முடிவு எப்போதும் நிறுவனத்தின் பக்கமே என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் சிறிய பயண முகமை நடத்தும் ஒரு பெண், தான் கேட்காமலேயே விண்டோஸ் 10-க்கு மாறிய அலுவலகக் கணினி வேலைக்கு உதவாமல் போனதென்று வழக்குப் போட்டு, 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது 2016-ல் செய்தியானது.

நம் நாட்டிலும் 'என் கருவியில் எது இருக்கலாம் என்று யார் முடிவு செய்வது' என்ற கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஆதார் ஆணையத்தின் பழைய உதவி எண், யாரும் சேமிக்காமலேயே எத்தனையோ ஃபோன்களின் தொடர்புப் பட்டியலில் தோன்றியது. 2014-ல் தவறுதலாகத் தன் மென்பொருளில் சேர்த்ததாக கூகுள் ஒப்புக்கொண்டது. முன்பே நிறுவி வரும் தன் செயலிகளைப் பயனர் நீக்குவதை கூகுள் தடுக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. விதித்த அபராதம் 1,337.76 கோடி ரூபாய். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் செயலி நீக்குவது பற்றிய அந்த உத்தரவையும் வேறு சிலவற்றையும் ரத்துசெய்தது. 2025 நவம்பர் இறுதியில், சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய ஃபோன்களிலும் கட்டாயம் நிறுவ வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 3-ல் அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மக்கள் குரல் கொடுத்தால் ஆணைகூட மாறும்.

உங்கள் கைக்கு எட்டும் வழி, 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்ற விதியைக் காட்டிக் கடைக்காரர்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்துவதற்காக வாங்கியவர் நுகர்வோரே என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஒற்றைக் கணினி வைத்துப் பிழைக்கும் டிடிபிக்காரர் அதை மேற்கோள் காட்டலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. ரீசெட் போட்டு மென்பொருளைத் தொலைத்த ரிப்பேர் கடை மீதும் சேவைக் குறைபாடு என்று இதே வழியில் புகார் செய்யலாம். பில்லும் ஜாப் ஷீட்டும் ஃபோனில் எடுத்த படங்களும்தான் சாட்சி.

நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. நீக்குவதற்கு முன் எது நீங்கப் போகிறது என்ற பட்டியல், ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் உரிமை, நீங்கியதைத் திரும்பப் பெற ஒரு வழி. காசு கொடுத்து வாங்கிய கருவியில் இவை மூன்றும் இயல்பாகவே இருந்திருக்க வேண்டும். அவை வரும்வரை கீழே உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்து, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

மாத அட்டவணை

- 7-ஆம் தேதி: பாஸ் அப்டேட்ஸ், இரண்டு வாரம் (காலாண்டுத் தாக்கல் மாதத்தில் மூன்று வாரம்).
- ஒவ்வொரு சனிக்கிழமையும்: டாலி பேக்கப், நடப்பு வேலைகளின் நகல்.
- தாக்கல் முடிந்த ஞாயிறு காலை: மென்பொருள் பட்டியலைப் படமெடுத்தல், முழு பேக்கப், யுபிஎஸ் சரிபார்ப்பு, பிறகு அப்டேட்.
- அன்று மாலை: மென்பொருள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல், ஒரு தமிழ் கோப்பு, ஒரு மராத்தி கோப்பு, ஒரு பிரிண்ட், ஒரு கையெழுத்து.
- ஏதாவது குறைந்தால்: அன்றைக்கே மேலே சொன்ன வரிசை. பதிப்பு மாறியிருந்தால் பத்தாம் நாளின் தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதுதல்.